‘யாருக்கும் பாரமா கெடக்கக் கூடாது’: உதவியுடனான தற்கொலைக்குக் கிறிஸ்தவம் ‘நோ’ சொல்வது ஏன்? அந்த ‘நோ’ மட்டும் போதுமா?

பாளையங்கோட்டையிலோ நாசரேத்திலோ நீண்ட நாள் படுக்கையில் இருக்கும் ஒரு பெரியவரைப் பார்க்கப் போனால், நலம் விசாரித்து முடிப்பதற்குள் ஒரு வாக்கியம் வந்துவிடும்: ‘யாருக்கும் பாரமா கெடக்கக் கூடாதுய்யா. ஆண்டவர் சீக்கிரம் எடுத்துக்கிட்டா போதும்.’ சுற்றி நிற்பவர்கள் ‘அப்படிலாம் சொல்லாதீங்க பெரியப்பா’ என்பார்கள். ஒரு சின்ன ஜெபம், ஒரு டம்ளர் காபி. பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

உலகின் பல நாடுகள் இந்த வாக்கியத்தை அப்படிக் கடந்துபோகவில்லை. அதைச் சட்டக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டன. ‘நான் சாக விரும்புகிறேன், உதவுங்கள்’ என்று ஒரு நோயாளி கேட்டால் மருத்துவர் உதவலாமா? அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1997 முதல் அதற்கான சட்டம் நடைமுறையில் இருக்கிறது. நெதர்லாந்தும் பெல்ஜியமும் 2002-லும், கனடா 2016-லும் அனுமதித்தன. பிரிட்டன் நாடாளுமன்றத்தின் கீழவையில் 2025 ஜூன் 20-ம் தேதி, இதற்கான மசோதா 314-க்கு 291 என்ற வாக்குகளில் நிறைவேறியது. உலகெங்கும் பெரும்பாலான கிறிஸ்தவத் திருச்சபைகள் இதை எதிர்க்கின்றன.

தமிழ்நாட்டில் கிறிஸ்தவம் ஆழமாக வேரூன்றிய பகுதிகளில் ஒன்று தாமிரபரணிப் பள்ளத்தாக்கு. படித்த பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் இருக்க, வயதான பெற்றோர் மட்டும் ஊரில் தங்கிவிட்ட வீடுகள் நிறைந்த பகுதியும் இதுதான். ஆகவே இங்கே இது தத்துவ விவாதமாக மட்டும் இருக்க முடியாது. திருச்சபை ‘நோ’ சொல்வதற்கு என்ன காரணம், அந்த ‘நோ’ எதுவரை செல்லும், அதைச் சொன்ன பிறகு யார் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பார்க்கலாம்.

முதலில் மூன்று விஷயங்களைப் பிரித்துக்கொள்வோம்

‘கருணைக் கொலை’ என்ற ஒரே வார்த்தையில் நாம் மூன்று வெவ்வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறோம்.

ஒன்று, மருத்துவரே நோயாளியின் உயிரை முடிப்பது. இரண்டு, மருத்துவர் வழி செய்து கொடுக்க, நோயாளி தானே தன் உயிரை முடித்துக்கொள்வது. இதுதான் உதவியுடனான தற்கொலை. மூன்று, இனி பலன் இல்லை என்று தெரிந்த சிகிச்சையை நிறுத்தி, நோய் அதன் போக்கில் முடிவுக்கு வர விடுவது. சட்டத்திலும் செய்திகளிலும் இதைச் செயலற்ற கருணைக் கொலை என்கிறார்கள்.

இந்தியாவில் முதல் இரண்டும் குற்றம். தற்கொலைக்கு உடந்தையாக இருப்பவருக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 108-வது பிரிவின்படி பத்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். மூன்றாவதை உச்ச நீதிமன்றம் நிபந்தனைகளுடன் ஏற்றிருக்கிறது.

அந்த இடத்துக்கு நீதிமன்றம் வந்ததற்குப் பின்னால் ஒரு செவிலியரின் வாழ்க்கை இருக்கிறது. மும்பை கே.இ.எம் மருத்துவமனையில் பணியாற்றிய அருணா ஷான்பாக், 1973 நவம்பரில் அங்கேயே ஓர் ஊழியரால் கொடூரமாகத் தாக்கப்பட்டு, மூளை பாதிக்கப்பட்டுப் படுக்கையில் விழுந்தார். அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்த அனுமதி கேட்டு எழுத்தாளர் பிங்கி விரானி வழக்குத் தொடுத்தார். 2011 மார்ச் 7-ம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தக் கோரிக்கையை நிராகரித்தது. ஆனால், செயலற்ற கருணைக் கொலைக்கான கதவை அதே தீர்ப்பில் திறந்தது.

நிராகரிப்புக்கு முக்கியக் காரணம், அருணாவைக் கவனித்துவந்த செவிலியர்களின் எதிர்ப்பு. ‘எங்களால் முடியும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்பதுதான் அவர்களின் நிலை. சொன்னதைச் செய்தார்கள். பழைய செவிலியர்கள் ஓய்வு பெற்றார்கள், புதியவர்கள் வந்தார்கள், பராமரிப்பு நிற்கவில்லை. 2015 மே மாதம் நிமோனியாவால் இறக்கும்வரை, சுமார் 42 ஆண்டுகள் அருணா அவர்களின் கைகளில்தான் இருந்தார். அருணாவுக்கு அந்த வாழ்க்கை எப்படி இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அவரைச் சுமந்தவர்கள் அவரை ஒரு பாரமாகக் கருதவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

பக்கத்து மாவட்டத்துக் கதை

‘சாகணும்னு ஒருத்தர் சுயமா முடிவெடுத்தா, அதைத் தடுக்க மத்தவங்க யாரு?’ இளைய தலைமுறை கேட்கும் நியாயமான கேள்வி இது. இதற்கான பதிலைத் தேடி சுவிட்சர்லாந்துக்குப் போக வேண்டியதில்லை. திருநெல்வேலியிலிருந்து வடக்கே மதுரை நெடுஞ்சாலையில் ஏறினால் போதும்.

விருதுநகர் மாவட்டத்திலும் அதைச் சுற்றிய பகுதிகளிலும் ‘தலைக்கூத்தல்’ என்ற வழக்கம் இருந்துவந்ததை 2010-ல் வெளியான செய்திகள் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. படுக்கையில் கிடக்கும் முதியவரைக் குடும்பமே, சடங்குபோல, மரணத்துக்கு அனுப்பிவைக்கும் வழக்கம் அது. காவல் நிலையத்துக்குப் புகார் போகாது, ஊரும் கேட்காது. பிரியா கிருஷ்ணசாமி இந்த வழக்கத்தை மையமாக வைத்து இயக்கிய படம், சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. படத்தின் பெயர் ‘பாரம்’.

தலைக்கூத்தலையும் ஓரிகன் சட்டத்தையும் ஒரே தராசில் வைப்பது சரியில்லை. ஒன்றில் நோயாளியின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். இன்னொன்றில் பெரும்பாலும் அவரிடம் கேட்பதே இல்லை. ஆனால், இரண்டுக்கும் நடுவில் ஒரு சாம்பல் நிறப் பகுதி இருக்கிறது. தன்னைப் பார்த்துக்கொள்ள லீவு போட்டு வந்த மகனின் முகத்தை, மருந்துக் கடையின் பில்லை, அடுப்படியில் எழும் பெருமூச்சைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கும் ஒருவர் ‘நான் போயிடறேன்’ என்று சொன்னால், அந்தச் சம்மதத்தில் அவருடைய பங்கு எவ்வளவு, சுற்றியிருப்பவர்களின் பங்கு எவ்வளவு?

ஓரிகன் மாநில அரசின் ஆண்டறிக்கைகள் இந்தக் கேள்விக்கு ஒரு குறிப்பைத் தருகின்றன. மரணத்துக்கு உதவி கேட்டவர்கள் சொன்ன காரணங்களில் முன்னணியில் நிற்பது வலி அல்ல. தன்னிச்சையாக இயங்க முடியவில்லை, வாழ்வில் ரசித்தவற்றைச் செய்ய முடியவில்லை, கௌரவம் போய்விட்டது என்பவைதான் முன்னால் வருகின்றன. குடும்பத்துக்குப் பாரமாகிவிடுவோம் என்ற கவலையும் ஆண்டுதோறும் பட்டியலில் இடம்பெறுகிறது.

கனடாவில் 2016-ல் சட்டம் வந்தபோது, இயற்கை மரணம் நெருங்கியவர்களுக்கு மட்டும் என்று எல்லை வகுத்தார்கள். 2021-ல் அந்த எல்லை நீக்கப்பட்டது. மனநோயை மட்டுமே காரணமாகக் கொண்டு விண்ணப்பிப்பவர்களையும் அனுமதிக்கும் திட்டம் 2027 மார்ச் வரை தள்ளிவைக்கப்பட்டது. 2023-ல் அந்த நாட்டில் இந்த முறையில் இறந்தவர்கள் 15,343 பேர். மொத்த மரணங்களில் இது சுமார் 4.7 விழுக்காடு.

வேதாகமத்தில் சாகக் கேட்டவர்கள்

கிறிஸ்தவம் இதை எதிர்ப்பதன் அடிப்படை எளிமையானது. உயிர் என்பது மனிதன் உண்டாக்கிய சொத்து அல்ல, கடவுள் கொடுத்தது. அதை முடிக்கும் உரிமை தனக்கும் இல்லை, பிறருக்கும் இல்லை. கொலை செய்யாதே என்ற கட்டளை தன் உயிருக்கும் பொருந்தும் என்று 5-ம் நூற்றாண்டில் அகஸ்தீன் எழுதினார். 13-ம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் இன்னொரு காரணத்தைச் சேர்த்தார்: மனிதன் சமூகத்தின் ஓர் உறுப்பு, அவன் போனால் இழப்பு அவனுக்கு மட்டும் இல்லை.

இந்த விதிகளைவிட, வேதாகமத்தின் கதைகள் இன்னும் நுட்பமானவை. சாக வேண்டும் என்று கேட்டவர்கள் அதில் பலர். அவர்களில் பெரிய தீர்க்கதரிசிகளும் உண்டு. யேசபேலுக்குப் பயந்து ஓடிய எலியா, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து ‘போதும்’ என்கிறார். அவருக்குக் கிடைத்தது பிரசங்கம் இல்லை. தூக்கம், சுட்ட அப்பம், ஒரு பாத்திரம் தண்ணீர். மறுபடியும் தூக்கம், மறுபடியும் சாப்பாடு. பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

உதவியுடனான தற்கொலைக்கு மிக அருகில் வரும் சம்பவம் சவுல் ராஜாவுடையது. போரில் படுகாயம் அடைந்த அவர், தன்னைக் கொன்றுவிடும்படி ஆயுததாரியிடம் கேட்கிறார். அவன் பயந்து மறுத்துவிடுகிறான். பிறகு ஓர் அமலேக்கிய இளைஞன் தாவீதிடம் வந்து, சவுலே கேட்டுக்கொண்டதால் நான்தான் கொன்றேன் என்கிறான். சவுல், தாவீதை வேட்டையாடிய எதிரி. சாவின் விளிம்பில் இருந்தவர். வாய் திறந்து கேட்டவர். இன்றைய வாதங்கள் அத்தனையும் அங்கே இருக்கின்றன. ஆனாலும் தாவீது அதைக் கருணையாக ஏற்கவில்லை. அந்த இளைஞனுக்கு மரண தண்டனை விதிக்கிறார்.

நெல்லை வாசகர்களுக்கு இன்னொரு கதை நெருக்கமானது. ஜான் பனியன் 1678-ல் வெளியிட்ட ‘மோட்சப் பிரயாணம்’. அதைத் தழுவித்தான் திருநெல்வேலி அருகே கரையிருப்பில் 1827-ல் பிறந்த எச்.ஏ.கிருஷ்ண பிள்ளை, ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காப்பியத்தைப் படைத்தார். 1894-ல் அது வெளிவந்தது. பனியனின் கதையில், அவநம்பிக்கை என்ற அரக்கன் இரண்டு பயணிகளைப் பிடித்துக் கோட்டைக்குள் அடைக்கிறான். இருவரையும் அடித்து நொறுக்கிவிட்டு, உயிரை விட்டுவிடுவதே உங்களுக்கு நல்லது என்று யோசனையும் சொல்கிறான். கதாநாயகன் கிட்டத்தட்டச் சம்மதித்துவிடுகிறான். அவனைத் தடுத்து நிறுத்துவது கூட இருக்கும் நண்பனின் பேச்சு. கதவைத் திறக்கும் சாவி தன்னிடமே இருந்தது என்ற நினைவு அவனுக்கு அப்புறம்தான் வருகிறது. அந்த இருட்டறையில் அவன் தனியாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

‘வென்டிலேட்டரை எடுத்தா பாவமா?’

ஐசியூ வாசலில் நிற்கும் கிறிஸ்தவக் குடும்பங்களை வாட்டும் கேள்வி இது. ‘இனி ஒண்ணும் செய்ய முடியாது’ என்று டாக்டர் சொன்ன பிறகும், சிகிச்சையை நிறுத்துவது கொலைக்குச் சமம் என்ற பயத்தில் நிலத்தை அடகு வைத்துத் தொடர்பவர்கள் உண்டு. நிறுத்திவிட்டு, ஆண்டுக்கணக்கில் குற்ற உணர்ச்சியோடு வாழ்பவர்களும் உண்டு.

கத்தோலிக்கத் திருச்சபை இதற்கு வெகு காலம் முன்பே தெளிவான பதில் சொல்லியிருக்கிறது. பலனுக்கு மிஞ்சிய சுமையைத் தரும் அசாதாரணச் சிகிச்சைகளைத் தொடரும் கட்டாயம் இல்லை என்று 1957-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் விளக்கினார். வலியைக் குறைப்பதற்காகக் கொடுக்கும் மருந்து, பக்கவிளைவாக ஆயுளைச் சற்றுக் குறைத்தாலும், நோக்கம் வலி நிவாரணம்தான் என்றால் அது தவறு இல்லை என்றும் அவர் சொன்னார். 1980-ல் வத்திக்கான் வெளியிட்ட அறிக்கை இதை உறுதி செய்தது. பெரும்பாலான புராட்டஸ்டன்ட் இறையியலாளர்களும் இந்த வேறுபாட்டை ஏற்கிறார்கள். சிம்பிளாகச் சொன்னால், மரணத்தை வரவழைப்பது வேறு, வந்துவிட்ட மரணத்துக்கு வழிவிடுவது வேறு.

இந்தியச் சட்டமும் இப்போது இந்த வேறுபாட்டை ஏற்கிறது. 2018 மார்ச் 9-ம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்துடன் இறப்பதும் வாழும் உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. ‘லிவிங் வில்’ எனப்படும் முன்கூட்டிய மருத்துவ உயிலையும் அனுமதித்தது. நடைமுறைகள் சிக்கலாக இருந்ததால், 2023 ஜனவரியில் அவை எளிமையாக்கப்பட்டன. இப்போது, தெளிவான மனநிலையில் உள்ள 18 வயது நிரம்பிய ஒருவர், இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியின் சான்றொப்பம் பெற்றால் போதும். பிறகு அப்படி ஒரு நிலை வந்தால், இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பரிசீலித்து முடிவெடுக்கும். அதைச் செயல்படுத்தும் முன் நீதித்துறை நடுவருக்குத் தகவல் தெரிவிக்க வேண்டும்.

அம்மா அப்பாவிடம் இதைப் பற்றி எப்படிப் பேசுவது என்று தயங்குபவர்கள் அதிகம். ஆனால், அவர்கள் நன்றாக இருக்கும்போது பேசாவிட்டால், ஐசியூ வாசலில் வீடியோ காலில் பேச வேண்டிவரும்.

கிறிஸ்தவர்கள் எல்லாருமே எதிர்க்கிறார்களா?

இல்லை. நோபல் பரிசு பெற்ற தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு, 2016-ல் தன் 85-வது பிறந்தநாளையொட்டி, உதவியுடன் இறக்கும் வாய்ப்பு தனக்கு இருக்க வேண்டும் என்று எழுதினார். இங்கிலாந்து திருச்சபையின் முன்னாள் தலைமைப் பேராயர் ஜார்ஜ் கேரி, 2014-ல் தன் பழைய நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டு சட்டத்தை ஆதரித்தார். குணமாக்கவும் முடியாமல், விடுவிக்கவும் மறுத்து, ஒருவரைத் துன்பத்தில் வைத்திருப்பது அன்பா என்பதுதான் இந்தத் தரப்பின் கேள்வி. இதைப் ‘பின்மாற்றம்’ என்று ஒதுக்கிவிட முடியாது. எவ்வளவு நல்ல மருத்துவத்துக்கும் அடங்காத துன்பம் சிலருக்கு இருக்கத்தான் செய்கிறது.

இதில் திருச்சபைக்கு ஒரு பழைய கடனும் உண்டு. தற்கொலை செய்துகொண்டவர்களுக்குப் பல நூற்றாண்டுகளாக அடக்க ஆராதனையும் கல்லறையில் இடமும் மறுக்கப்பட்டன. துக்கத்தில் இருந்த குடும்பத்தின் மேல் அவமானமும் சுமத்தப்பட்டது. 1983-ல் வந்த கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு அந்தத் தடையை நீக்கியது. 1992-ல் வெளியான மறைக்கல்வி நூல், கடுமையான மன உளைச்சல் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், இப்படி இறந்தவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும் சொல்கிறது. செயலை எதிர்ப்பதும், அந்த இடத்துக்குத் தள்ளப்பட்ட மனிதரை வெறுப்பதும் ஒன்றல்ல என்று புரிந்துகொள்ள இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

துன்பத்துக்கு அர்த்தம் கொடுப்பது யார்?

‘ஆண்டவர் ஒரு நோக்கத்தோடதான் இதை அனுமதிச்சிருக்கார்.’ நோயாளியின் கட்டில் அருகே அதிகம் உச்சரிக்கப்படும் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். சொல்பவருக்கு இது ஆறுதல். கேட்பவருக்கு?

களக்காடு மலையடிவாரத்தில் உள்ள டோனாவூரில் இந்தக் கேள்விக்கு அனுபவத்திலிருந்து பதில் சொன்ன ஒருவர் வாழ்ந்தார். அயர்லாந்தில் 1867-ல் பிறந்து, 1895-ல் இந்தியா வந்த ஏமி கார்மைக்கேல். கோயில்களுக்கு நேர்ந்துவிடப்படும் ஆபத்தில் இருந்த பெண் குழந்தைகளுக்கு அடைக்கலம் கொடுத்து, டோனாவூர் ஐக்கியத்தை உருவாக்கியவர். ஊருக்கே ‘அம்மா’. 1931 அக்டோபரில், மருந்தகமாக மாற்றவிருந்த ஒரு வீட்டைப் பார்க்கக் களக்காடு போன இடத்தில், இருட்டில் ஒரு குழிக்குள் விழுந்து காலை முறித்துக்கொண்டார். சில வாரங்களில் எழுந்துவிடுவார் என்று நினைத்தார்கள். அதன் பிறகு, 1951 ஜனவரி 18-ல் இறக்கும்வரை, சுமார் 19 ஆண்டுகளின் பெரும்பகுதி அவருக்கு அந்த அறையிலும் படுக்கையிலும்தான் கழிந்தது.

அந்தப் படுக்கையிலிருந்து பத்துக்கும் மேற்பட்ட நூல்கள் வந்தன. 1933-ல் வெளியான ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ அவற்றில் முக்கியமானது. நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லி ஆரோக்கியமானவர்கள் எழுதியவற்றைப் படுக்கையில் கிடந்து படித்தபோது அவை தனக்கு ஒட்டவில்லை என்பதை உணர்ந்து, நோயாளி நோயாளிகளுக்கு எழுதும் கடிதங்களாக அந்த நூலை அமைத்தார் ஏமி. ஆயுள் முழுக்க ஊழியம் செய்த ஒருவரே, நலமாக இருப்பவர்களின் ஆறுதல் வார்த்தைகள் நோயாளியிடம் போய்ச் சேராமல் போகலாம் என்று கண்டார். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வசனப் படங்களை ஃபார்வர்டு செய்பவர்கள் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டிய இடம் இது.

யோபுவின் நண்பர்களும் இப்படித்தான். ஏழு நாள் வாய் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாயைத் திறந்து அவருடைய துன்பத்துக்குக் காரணம் சொல்ல ஆரம்பித்ததும் கெடுத்துவிட்டார்கள். கதையின் முடிவில் கடவுள் கோபித்துக்கொள்வது புலம்பித் தீர்த்த யோபுவை அல்ல, கடவுளுக்காக வக்கீல் வேலை பார்த்த அந்த நண்பர்களைத்தான்.

இயேசுவும் தன்னிடம் வந்த நோயாளிகளிடம் உங்கள் துன்பத்தில் அர்த்தம் தேடுங்கள் என்று சொல்லி அனுப்பவில்லை. குணமாக்கினார். கெத்செமனே தோட்டத்தில் தன் துன்பமும் நீங்காதா என்று கேட்டார். துன்பம் அதன் அளவில் நல்லது என்று கிறிஸ்தவம் சொல்வதில்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984-ல் துன்பத்தின் பொருளைப் பற்றி எழுதிய மடலை நல்ல சமாரியனின் கதைக்குக் கொண்டுபோகிறார். அடிபட்டுக் கிடப்பவன் எதற்காக அடிபட்டான் என்று அந்தக் கதை ஆராயவில்லை. யார் நின்றார், யார் விலகிப் போனார் என்று மட்டும்தான் பார்க்கிறது.

ஏமியின் விஷயத்திலும் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அவரைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். கவனிக்கச் செவிலியர்கள், எழுதியதை அச்சுக்கு அனுப்பத் தோழர்கள், எட்டிப் பார்க்கப் பிள்ளைகள். அவருடைய துன்பத்துக்கு ஒரு நோக்கம் கிடைத்தது என்றால், வலி மட்டுமே அதைத் தந்துவிடவில்லை. அந்த அறையின் கதவு திறந்தே இருந்தது.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தமான அனுபவமும் இல்லை. இன்றைய தென்காசி மாவட்டத்தின் ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ்.ராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது 1975-ல் கடற்படைத் தேர்வில் நேர்ந்த விபத்தால் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-ல் சொந்த ஊரில் ‘அமர் சேவா சங்கம்’ தொடங்கினார். மாற்றுத்திறனாளிகளுக்கான பெரிய மறுவாழ்வு மையமாக அது வளர்ந்தது. 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. சங்கத்தின் பெயரில் இருக்கும் ‘அமர்’, அவருக்குச் சிகிச்சை அளித்து ஊக்கம் கொடுத்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் நினைவு. இங்கும் கட்டிலின் பக்கத்தில் ஒருவர் இருந்திருக்கிறார்.

இவர்களைக் காட்டி ‘அவங்களால முடிஞ்சுது, உனக்கென்ன?’ என்று இன்னொரு நோயாளியிடம் கேட்பது கொடுமை. புத்தகம் எழுதாத, சங்கம் தொடங்காத, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் உயிருக்கும் அதே மதிப்புதான் என்பதுதான் கிறிஸ்தவ வாதத்தின் உயிர்நாடி. ஒருவர் சாதித்துக் காட்டினால்தான் வாழத் தகுதி என்றால், அந்த வாதமே விழுந்துவிடும்.

மார்பினும் ஒரு ஜெபம்தான்

1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற மருத்துவ இல்லத்தைத் தொடங்கி, நவீன வலி நிவாரணப் பராமரிப்புக்கு வித்திட்டவர் சிசிலி சாண்டர்ஸ். செவிலியராகவும் மருத்துவச் சமூகப் பணியாளராகவும் இருந்துவிட்டு மருத்துவரானவர், ஆழ்ந்த கிறிஸ்தவர், கருணைக் கொலையை எதிர்த்தவர். ஆனால், எதிர்ப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. உடல் வலி, மன வலி, குடும்பக் கவலை, ஆன்மிகத் தவிப்பு எல்லாம் சேர்ந்த ‘முழு வலி’க்கு மருந்து வேண்டும் என்றார். வலி தாங்க முடியாமல் கத்தும்வரை காத்திருக்காமல், நேரம் தவறாமல் மார்பின் கொடுக்கும் முறையைப் பரவலாக்கினார். ‘சாகணும்’ என்று கேட்பவரிடம், அவர் எதனால் அப்படிக் கேட்கிறார் என்று தேடிப் போன பதில் இது.

பொதிகை மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இதன் இந்திய வடிவம் உருவானது. 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபாலும் தோழர்களும் தொடங்கிய சிறு முயற்சி, அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போகும் மக்கள் இயக்கமாக வளர்ந்தது. 2008-ல் அந்த மாநிலம் இதற்கென்று தனிக் கொள்கையே வகுத்தது. ஆனால், இந்தியா முழுமைக்கும் படம் வேறு. 2017-ல் லான்செட் ஆணையம் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்தியாவில் தேவைப்படும் வலி நிவாரண மார்பினில் சுமார் 4 விழுக்காடுதான் கிடைக்கிறது. 1985-ன் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் போட்ட கட்டுப்பாடுகளால் மருத்துவமனைகள் அதை வாங்கி வைக்கவே பயந்தன. 2014-ல் சட்டம் தளர்த்தப்பட்டும் பயம் முழுதாகப் போகவில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டுக்கே வரும் வலி நிவாரணப் பராமரிப்பும் பிசியோதெரபியும் சேர்க்கப்பட்டுள்ளன. இப்படி ஒரு சேவை இருக்கிறது என்பதே தெரியாத குடும்பங்கள் பல.

சபைகள் என்ன செய்யலாம்?

தாமிரபரணிக் கரையின் கிறிஸ்தவம் பேச்சால் மட்டும் வளர்ந்தது இல்லை. பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் 19-ம் நூற்றாண்டிலேயே பள்ளிகள் பிறந்தன. நாசரேத்தில் மிஷன் மருத்துவமனை எழுந்தது. ‘இதுகளால என்ன பிரயோஜனம்’ என்று ஊர் கேட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டிய மரபு அது. இன்றைய படுக்கை நோயாளிகளுக்கு அதே மரபு என்ன கட்டப் போகிறது?

பெரிய கட்டடம் தேவையில்லை. ஒவ்வொரு சேகரத்திலும் வீட்டோடு முடங்கியவர்களின் பட்டியல் குருவானவரிடமோ உபதேசியாரிடமோ இருக்கும். மாதம் ஒரு முறை நற்கருணை கொடுக்கப் போகும் அந்த வீடுகளுக்கு, வாரம் ஒரு முறை புண்ணுக்குக் கட்டு மாற்றத் தெரிந்த ஒருவர் போகலாம். பெண்கள் ஐக்கியமும் வாலிபர் சங்கமும் முறை வைத்து ஒரு மதிய நேரம் நோயாளியின் பக்கத்தில் இருந்தால், இரவெல்லாம் கண் விழித்த மருமகளோ மகளோ மூன்று மணி நேரம் தூங்கலாம். இரவு பகல் பார்த்துக்கொள்பவரின் சோர்வுதான் பல வீடுகளில் நோயாளியின் காதில் ‘நீ பாரம்’ என்று விழுகிறது. ஞாயிறு பிரசங்கத்தில் லிவிங் வில் பற்றியும், வலி மருந்து விசுவாசக் குறைவு இல்லை என்றும் ஒரு முறையாவது பேசலாம். இருந்த இடத்திலிருந்தே மாதம் ஒரு தொகை அனுப்பும் வெளியூர்ப் பிள்ளைகள், அந்தத் தொகையை இதற்கும் திருப்பலாம்.

மற்றவரின் சுமையைத் தூக்குவதே கிறிஸ்துவின் பிரமாணத்தை நிறைவேற்றும் வழி என்று பவுல் கலாத்தியருக்கு எழுதுகிறார். மனிதர்கள் ஒருவருக்கொருவர் பாரம்தான் என்பதை அவர் ஒளிக்கவில்லை. பிறக்கும்போது எல்லாரும் யாருடைய கையிலோ பாரமாகத்தான் வந்து விழுந்தோம். அப்போது யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

உதவியுடனான தற்கொலைக்கு இந்தியச் சட்டம் இன்று இடம் கொடுக்கவில்லை. நாளை ஒரு மசோதா வரலாம். அப்போது திருச்சபைகள் அதை எதிர்த்து அறிக்கை விடும், கையெழுத்து வாங்கும். அந்த எதிர்ப்புக்கு மதிப்பு இருக்க வேண்டும் என்றால், ‘சாகாதே’ என்று சொன்ன வாய்க்குப் பின்னால் ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று நீண்ட கை இருந்திருக்க வேண்டும். கே.இ.எம் செவிலியர்களின் வார்த்தையை உச்ச நீதிமன்றம் கேட்டதற்குக் காரணம் அவர்களின் வாதத் திறமை இல்லை. அதைச் சொல்லும் முன்பே அவர்கள் பல ஆண்டுகள் அதைச் செய்திருந்தார்கள்.

(தற்கொலை எண்ணம் ஒரு மருத்துவப் பிரச்னையும்கூட, உதவி கிடைக்கும், மாற முடியும். மன உளைச்சலில் இருப்பவர்கள் தமிழ்நாடு அரசின் 104, மத்திய அரசின் டெலி மானஸ் 14416, சென்னை சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் 044-24640050 ஆகிய எண்களில் பேசலாம்.)